பிறந்த குழந்தையின் ஈறில் சதைக்கட்டி: பிரசவ அறையிலிருந்து பல் முளைக்கும் வரை செய்ய வேண்டியவை

குழந்தை வாயைத் திறந்து முதல் அழுகை அழும்போதே தெரிந்துவிடும். மேல் ஈறின் முன்பகுதியிலிருந்து இளஞ்சிவப்பாக, வழவழவென்று ஒரு சதை உருண்டை தொங்கும். சில குழந்தைகளுக்குச் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். சிலருக்கு 2, 3 செ.மீ. அபூர்வமாக 9 செ.மீ. வரை வளர்ந்து, வாயை மூடவிடாமல் உதட்டுக்கு வெளியே வந்து நிற்கும். பெற்றவர்களுக்குப் பகீரென்றிருக்கும். முதன்முறை பார்க்கும் நர்சுக்கும் அப்படித்தான்.

இப்படிப் பிறவியிலேயே ஈறில் வரும் கட்டிக்கு ‘கன்ஜெனிடல் எபுலிஸ்’ என்று பெயர். பிறவி ஈறுக்கட்டி என்று சொல்லிக்கொள்வோம். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. பிறந்த பிறகு வளராது. எடுத்த இடத்தில் மறுபடி வருவதும் இல்லை. அன்றைய ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க் நகரில் நோயியல் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் நாய்மன் 1871இல் இதை முதலில் விவரித்தார். இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன என்று கண்டு சொன்னவரும் அவரேதான். அதனால் சில ரிப்போர்ட்டுகளில் ‘நாய்மன் ட்யூமர்’ என்று இருக்கும். ‘கிரானுலார் செல் ட்யூமர்’ என்றும் எழுதுவார்கள். ‘ட்யூமர்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் கூகுளில் தேடிக் கலங்க வேண்டாம்.

பெண் குழந்தைகளுக்கே இது அதிகம் வருகிறது. ஆண் குழந்தை ஒன்றுக்கு எட்டு முதல் பத்துப் பெண் குழந்தைகள் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. ஏன் என்பதற்கு உறுதியான விடை இன்னும் கிடைக்கவில்லை. ஹார்மோன்மேல் சந்தேகப்பட்டுத் தேடியும், கட்டியின் செல்களில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் பெரும்பாலும் தென்படவில்லை. கீழ் ஈறைவிட மேல் ஈறில் இரண்டு மூன்று மடங்கு அதிகம். பத்தில் ஒரு குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருக்கும். தாய் கிரகணத்தன்று வெளியே வந்தது, எதையோ பார்த்துப் பயந்தது, பப்பாளி தின்றது எதுவும் காரணமில்லை. இதைப் பிள்ளை பெற்றவளிடம் மட்டும் சொன்னால் போதாது. வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் மாமியாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்.

கட்டிக்குப் பெயர் வைப்பது இரண்டாவது வேலை. குழந்தை மூச்சு விடுகிறதா, பால் குடிக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அவசரமா, காத்திருக்கலாமா, அறுவை வேண்டுமா என்ற முடிவெல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வரும்.

மூச்சு

பிறந்த குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். அதனால் வாயை அடைத்துக்கொண்டு பயமுறுத்தும் கட்டி இருந்தும் குழந்தை நிம்மதியாகத் தூங்குவதைப் பார்க்கலாம். கட்டி நாக்கைப் பின்னுக்குத் தள்ளினாலோ, மூக்குத் துவாரத்தை அழுத்தினாலோ, தொண்டைப் பக்கம் சரிந்தாலோதான் ஆபத்து.

குழந்தை அழாமல் இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகும், ஏனென்றால் சிசுக்கள் விட்டுவிட்டுத்தான் மூச்சு விடும். நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் இருப்பது, நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவது, மூக்குத் துவாரம் விரிவது, முனகல், மூச்சை இழுக்கும்போது சத்தம், நாக்கும் உதடும் நீலம் பூப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது அவசரம். மல்லாக்கப் படுக்கவைத்தால் திணறி, ஒருக்களித்தால் தெளிந்தால், கட்டி தொண்டைப் பக்கம் சரிகிறது என்று பொருள். அந்தக் குழந்தையை ஒருக்களித்தே வைத்திருங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரை வலது கையில் மாட்டுங்கள். பிறந்து பத்து நிமிடத்தில் ஆக்சிஜன் அளவு 85 முதல் 95 சதவீதத்துக்குள் வந்துவிட வேண்டும். அதன் பிறகும் 90ஐத் தாண்டாவிட்டால் காத்திருக்கக் கூடாது.

பிரசவ அறையில் இரண்டு இடத்தில் சறுக்கும். முதலாவது உறிஞ்சுகுழாய். மூக்கில் அதை அழுத்தித் திரும்பத் திரும்பவிட்டால் உள்சதை வீங்கிவிடும். குழந்தைக்கு இருந்த ஒரே நல்ல வழியையும் அடைத்தாயிற்று. தேவைக்கு மட்டும், மெதுவாக உறிஞ்சுங்கள். வாயில் கட்டியின்மேல் குழாய்முனை உரசினால் இரத்தம் கசியும். இரண்டாவது, காற்றூட்டும் மாஸ்க். உதட்டுக்கு வெளியே கட்டி நீண்டிருந்தால் மாஸ்க் முகத்தில் படியாது, காற்றெல்லாம் ஓரத்தில் போய்விடும். கட்டிக்குக் காம்பு இருந்தால் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு மாஸ்க்கை வையுங்கள். முடியாவிட்டால் கட்டியையும் உள்ளே அடக்கும்படி ஓர் அளவு பெரிய மாஸ்க்கால் முயலலாம். அதுவும் நடக்காவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடத் தெரிந்தவர் உடனே வந்தாக வேண்டும். வேறு மருத்துவமனைக்கு அனுப்புவதென்றால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. கிளம்பும் முன் வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா, இரத்தச் சர்க்கரை பார்த்தாயிற்றா, உடம்புச் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியசுக்குள் இருக்கிறதா என்று சரிபார்த்து, மூன்றையும் அனுப்பும் சீட்டில் எழுதிவிடுங்கள். முடிந்தால் தாயையும் கூடவே அனுப்புங்கள். பாலுக்கு வேறு வழி கிடையாது.

வெளியே நீண்டிருக்கும் கட்டி காய்ந்தால் வெடிக்கும், இரத்தம் கசியும். உப்புநீரில் நனைத்த பெரிய காஸ் துணியை அதன்மேல் போர்த்தி, காயக் காய நனையுங்கள். சின்னத் துண்டாக வெட்டி வைக்காதீர்கள், நழுவித் தொண்டைக்குள் போய்விடும்.

வாயைப் பார்ப்பது

கையைக் கழுவி, கையுறை போட்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கட்டியை இழுக்க வேண்டாம். சுண்டுவிரலை அதன் பின்னால் மெதுவாகக் கொண்டுபோய், ஈறில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தடவிப் பாருங்கள். பிறவி ஈறுக்கட்டி ஈறின் மேட்டில், நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி, பக்கவாட்டு வெட்டுப்பல்லும் கோரைப்பல்லும் வரவேண்டிய இடத்தில் இருக்கும். பெரும்பாலும் குறுகிய காம்பு ஒன்று இருக்கும், சிலவற்றுக்கு அடி அகலமாக இருக்கும். தொட்டால் கெட்டியாக, ரப்பர் பதத்தில் இருக்கும். அழுத்தினால் சுருங்காது, குழந்தை அழும்போது பெரிதாகாது. நிறம் ஈறின் நிறம்தான், அல்லது சற்றுச் சிவப்பு. உரசிய இடத்தில் மட்டும் மேலே புண் இருக்கலாம்.

நீளம், அகலம், கனம் மூன்றையும் காகித அளவுகோலால் அளந்து கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். ‘பெரிய கட்டி’ என்று எழுதினால் அடுத்த வாரம் பார்ப்பவருக்கு எதற்கும் உதவாது. பிறந்த பிறகு வளர்கிறதா என்பதுதான் நோயறிதலுக்கே ஆதாரம் என்பதால் இந்த மூன்று எண்களும் முக்கியம். மேலண்ணம், நாக்கு, எதிர் ஈறு, கன்னத்தின் உட்புறம் எல்லாவற்றையும் பாருங்கள். முன்னால் தொங்கும் ஒன்றைக் கண்டதும் பின்னால் இருக்கும் சின்னதைத் தவறவிடுவது சகஜம். பெற்றோர் சம்மதத்துடன் ஒரு படம் எடுத்துக் கேஸ் ஷீட்டில் சேர்ப்பது நல்லது. வார்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கல்ல.

இது வேறு எதுவாக இருக்கலாம்?

ஈறிலும் மேலண்ணத்திலும் 1 முதல் 3 மி.மீ. வரை வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது கட்டியே அல்ல. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இருக்கும், சில வாரங்களில் தானாக உதிர்ந்துவிடும். தேய்க்கவும் வேண்டாம், கிள்ளவும் வேண்டாம்.

பிறக்கும்போதே பல் இருக்கும் குழந்தைகளும் உண்டு. அது பெரும்பாலும் கீழ் ஈறின் நடுவில், கடினமாக, வெள்ளை முனையோடு தெரியும். அநேகமாக அது நிஜமான பால்பல்தான், கூடுதல் பல் அல்ல. கழன்று மூச்சுக்குழாயில் போகும் அளவுக்கு ஆடினாலொழியப் பிடுங்கக் கூடாது. ‘மாமனுக்கு ஆகாது’ என்று பிடுங்கச் சொல்லி வருபவர்களுக்குப் பதில் சொல்ல மாமனையே கூட்டிவந்தால் வேலை சுலபமாக முடியும்.

நீலம் பூத்து, நீர் கோத்ததுபோல் இருந்தால் பல் முளைக்கும் இடத்தில் வரும் நீர்க்கட்டியோ நிணநீர்க் கட்டியோ ஆகலாம். டார்ச் வெளிச்சத்தை ஒட்டிப் பிடித்தால் உள்ளே ஒளி ஊடுருவும். இரத்தக்குழாய்க் கட்டி அழும்போது புடைக்கும், அழுத்தினால் வெளுக்கும். பிறந்தபோது சின்னதாக இருந்து பின்னால் வேகமாகப் பெருக்கும். இவற்றில் ஊசியைக் குத்திப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். இரத்தக்குழாய்க் கட்டியில் குத்தினால் நிறுத்துவது பெரும்பாடு.

உண்மையில் பயப்பட வேண்டியது இன்னொன்று. மேல்தாடையின் முன்பகுதியில் கருநீலமாக, எலும்பை உப்பவைத்து, வாரத்துக்கு வாரம் பெரிதாகும் கட்டி. பிறக்கும்போது பெரும்பாலும் தெரியாது, முதல் சில மாதங்களில் கிளம்பும். நிறமிச் செல்கள் கொண்ட இந்தக் கட்டி எலும்பை அரிக்கும், பல் முளைகளை இடம் தள்ளும், எடுத்த பிறகும் திரும்பிவரக்கூடும். இது தவிர, தசைப் புற்று போன்ற மோசமான கட்டிகளும் அரிதாக ஈறில் வருவதுண்டு. ஆகவே ‘வளர்கிறது’ என்ற ஒரு செய்தி வந்தாலே, ‘பிறவி ஈறுக்கட்டி, தானாகப் போய்விடும்’ என்று யார் சொல்லியிருந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். காம்போடு, இளஞ்சிவப்பாக, பிறக்கும்போதே முழு அளவில் இருந்தால் பெரும்பாலும் ஸ்கேன்கூடத் தேவைப்படாது. அடி அகலமாகவோ, அண்ணம்வரை பரவியோ, நடுக்கோட்டிலிருந்து மூக்குக்குள் போவதுபோலவோ இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்காமல் கத்தியை எடுக்கக் கூடாது. மூளையின் உறையே வெளியே பிதுங்கி வந்திருக்கவும் வாய்ப்புண்டு.

பால்

மூச்சு சரியாக இருக்கும் குழந்தைக்கு இதுதான் உண்மையான பிரச்சினை. மார்பை வாய் நிறையக் கவ்வ முடியாது, காற்று உள்ளே நுழையும், கடைவாயில் பால் வழியும். குழந்தை உறிஞ்சிக் களைத்துத் தூங்கிவிடும். பார்ப்பவர்கள் வயிறு நிறைந்து தூங்குவதாக நினைப்பார்கள். மூன்றாம் நாள் எடை குறைந்து, மஞ்சள் ஏறி, ஐ.சி.யூ.வில் வந்து சேரும் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டுப் பாருங்கள். சின்னக் கட்டியென்றால் அநேகமாகக் குடித்துவிடும். காம்புள்ள கட்டியைக் கன்னப் பக்கம் ஒதுக்கிவிட்டுக் கவ்வவைக்கலாம். படுக்கவைத்துக் கொடுப்பதைவிட, குழந்தையை நிமிர்த்தி மார்புக்கு நேராக வைத்தால் கட்டி தொண்டைப் பக்கம் சரியாது. பத்து நிமிடம் முயன்றும் கவ்வாவிட்டால் போராட வேண்டாம், சீம்பாலைக் கையால் பீய்ச்சி எடுத்துவிடுங்கள். முதல் நாள் சில மி.லி.தான் வரும். பம்பில் போட்டால் பாதி குழாயிலேயே ஒட்டிப் போகும் என்பதால் கையால் பீய்ச்சி, ஊசி இல்லாத 1 அல்லது 2 மி.லி. சிரிஞ்சில் நேரே உறிஞ்சி எடுப்பது மேல். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவும் சேர்த்து நாளுக்கு எட்டுத் தடவையாவது பீய்ச்சினால்தான் நான்காம் நாள் பால் நன்றாக ஊறும்.

கொடுப்பதற்கு நம் வீட்டுப் பாலாடைதான் சிறந்தது. சங்கு என்றும் சொல்வார்கள். பாட்டில் வேண்டாம், நிப்பிளையும் இந்த வாய் கவ்வாது. குழந்தையைத் துணியில் சுற்றி, முக்கால்வாசி நிமிர்த்தி மடியில் வையுங்கள். பாலாடையின் மூக்கைக் கட்டி இல்லாத பக்கக் கடைவாயில், கீழ் உதட்டின்மேல் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். குழந்தை நாக்கை நீட்டி வாங்கி விழுங்கும். விழுங்கிய பிறகு அடுத்த வாய். தொண்டைக்குள் ஊற்றினால் புரையேறும், பால் நுரையீரலுக்குப் போகும். இரும ஆரம்பித்தால் நிறுத்தி முதுகைத் தடவிக் கொடுங்கள். தூங்குகிற குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. பாலாடையை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி, 20 நிமிடம் கொதிக்கும் நீரில் போட்டு எடுங்கள்.

எவ்வளவு கொடுப்பது? பாலாடையில் மட்டும் குடிக்கும் நிறைமாதக் குழந்தைக்கு முதல் நாள் கிலோவுக்கு 60 மி.லி. என்று தொடங்கி, தினமும் கிலோவுக்கு 15 முதல் 20 மி.லி. கூட்டி, 150 வரை போவது வழக்கம். 3 கிலோ குழந்தையென்றால் முதல் நாள் மொத்தம் 180 மி.லி., எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 22 மி.லி. சுமார். தாய்க்கு அவ்வளவு ஊறாவிட்டால் மீதியை என்ன செய்வது என்று குழந்தை மருத்துவர் சொல்லட்டும். தாய்ப்பால் வங்கி இருக்கும் மருத்துவமனையில் அதைக் கேட்டுப் பாருங்கள். பீய்ச்சிய பாலை அறைச் சூட்டில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கோடையில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

பாலாடையிலும் முடியாவிட்டால் வயிற்றுக்குக் குழாய். இங்கே ஒரு சங்கடம் உண்டு. மூக்கு வழியாகப் போட்டால் மூச்சு விடும் துவாரத்தில் ஒன்று அடைபடும். வாய் வழியாகப் போட்டால் கட்டியில் உரசும். வாயில் இடமிருந்தால் வாய் வழியே, கட்டிக்கு எதிர்ப்பக்கமாகப் போடுவதே நல்லது.

பால் போதுமா என்பதற்கு அழுகை அளவுகோல் ஆகாது. ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். கை கால் உதறல், துவண்டு கிடப்பது, எழுப்பினாலும் எழாதது இருந்தால் உடனே இரத்தச் சர்க்கரை பாருங்கள்.

கை வைக்கக் கூடாதவை

காம்பில் நூலோ முடியோ கட்டி உதிரவைப்பதை மருவுக்குச் செய்து பழகியவர்கள் இங்கேயும் யோசனை சொல்வார்கள். காம்புக்குள் இரத்தக்குழாய் ஓடுகிறது. பாதி இறுகிய நூலால் கட்டி வீங்கி அழுகும். திடீரென அறுந்தால் தூங்கும் குழந்தையின் தொண்டையில் போய் விழும். அறுவை அரங்கில் மருத்துவர் காம்பைக் கட்டி வெட்டுவது வேறு, வீட்டில் நூல் சுற்றுவது வேறு.

தேன் தடவுவது, சேனை வைப்பது, உரைமருந்து புகட்டுவது எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நஞ்சு நோய் வரலாம், தசைகள் தளர்ந்து மூச்சே நிற்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஈறு மரப்பு ஜெல்லும் கூடாது. அதில் பென்சோகெயின் இருந்தால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து குழந்தை நீலமாகிவிடலாம். இரண்டு வயதுக்குள் அது வேண்டாமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்திருக்கிறது.

எடுப்பதா, விடுவதா

சின்னக் கட்டி, பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது என்றால் விட்டுவிடலாம். சில மாதங்களிலிருந்து ஓராண்டுக்குள் சுருங்கி மறைந்த குழந்தைகள் பலர் இருக்கிறார்கள். இப்படிக் காத்திருப்பது ‘ஒன்றும் செய்யாமல் இருப்பது’ அல்ல. முதல் மாதம் வாரம் ஒருமுறை எடையும் அளவும், பிறகு மாதம் ஒருமுறை. அளவு நின்றிருக்க வேண்டும், அல்லது குறைய வேண்டும். ‘குழந்தைக்கு ஒரு வாரம்தான் ஆகிறது, மயக்க மருந்து கொடுத்தே ஆகணுமா?’ என்று தயங்கும் பெற்றோரின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. பார்வைக்கு விகாரமாக இருக்கிறது என்ற ஒன்றுக்காக மட்டும் அவசரப்பட வேண்டியதில்லை.

பால் குடிக்க முடியவில்லை, வாய் மூடவில்லை, மூச்சுக்குத் தொல்லை, இரத்தம் கசிகிறது, இது பிறவி ஈறுக்கட்டிதானா என்று சந்தேகம் என்றால் எடுத்துவிட வேண்டும். மூச்சு அடைபடாதவரை நள்ளிரவு அவசரமும் தேவையில்லை. குழந்தை மயக்கவியல் நிபுணர் இருக்கும் இடத்தில், இரத்தம், தட்டணுக்கள், இரத்த வகை பார்த்துவிட்டு, காலையில் முதல் கேசாக வைப்பது நல்லது. தாய்ப்பால் கொடுத்து 4 மணி நேரம் ஆன பிறகே மயக்கம் என்பார்கள். முதல் கேஸ் பத்து மணிக்குத் தள்ளிப்போனால் குழந்தையின் சர்க்கரை இறங்கும். அதனால் குளுக்கோஸ் டிரிப் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

அறுவை சின்னதுதான். காம்பை ஈறின் மட்டத்திலேயே வெட்டி, கசிவை மின்சூட்டால் அடக்கி, தேவையென்றால் தானே கரையும் மெல்லிய 5-0 நூலில் ஒன்றிரண்டு தையல். இதில் நடக்கும் பெரிய தவறு, புற்றுநோய்க்கு எடுப்பதுபோல அகலமாக, எலும்புவரை தோண்டுவது. ஈறுக்கு அடியிலேயே பால்பல் முளைகள் இருக்கின்றன. ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் விட்டாலும் இந்தக் கட்டி திரும்பி வருவதில்லை என்பதால் ஆழமாகப் போக எந்த அவசியமும் இல்லை. மின்சூட்டையும் அளவோடு வைக்க வேண்டும்.

மெல்லிய காம்புள்ள கட்டியை மரப்பு ஊசியிலேயே எடுக்கும் மருத்துவர்களும் உண்டு. நல்ல வழிதான். ஆனால் பல் மருத்துவமனைப் பழக்கத்தில் ஒரு முழு கார்ட்ரிட்ஜை, அதாவது மரப்பு மருந்துக் குப்பியை, அப்படியே போட்டுவிடக் கூடாது. 2 சதவீத லிக்னோகெயின் 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜில் 36 மி.கி. மருந்து இருக்கிறது. 3 கிலோ சிசுவுக்குக் கிலோவுக்கு 3 மி.கி. என்று வைத்தால் மொத்தம் 9 மி.கி., அதாவது 0.45 மி.லி.தான் உச்சம். முழு கார்ட்ரிட்ஜ் அதைப்போல நான்கு மடங்கு. வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரும். ஆகவே சிறு சிரிஞ்சில் அளந்து எடுத்து, இன்னொருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

எடுத்த சதையைத் தட்டிலேயே விட்டுவிடாதீர்கள். அதன் கன அளவைப்போலக் குறைந்தது பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலினில் போட்டு, வயது, பாலினம், எந்த ஈறு, எந்தப் பக்கம் என்று சீட்டில் எழுதி பயாப்சிக்கு அனுப்ப வேண்டும். உப்புநீரில் போட்டு இரவெல்லாம் வைத்தால் செல்கள் சிதைந்து ரிப்போர்ட் பயனில்லாமல் போகும். ரிப்போர்ட்டில், பெரிய செல்கள், அவற்றுள் இளஞ்சிவப்புத் துகள்கள், நிறைய இரத்தக்குழாய்கள் என்ற விவரம் இருக்கும். எஸ்-100 என்ற சாயப் பரிசோதனை செய்திருந்தால் ‘நெகட்டிவ்’ என்று வர வேண்டும். பெரியவர்களுக்கு வரும் இதே தோற்றமுள்ள கட்டியில் அது ‘பாசிட்டிவ்’. இரண்டும் வேறு வேறு நோய், இணையத்தில் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதற்குக் கவலைப்படுபவர்கள் அதிகம்.

எடுத்த பிறகு

மயக்கம் தெளிந்து சில மணி நேரத்தில் தாய்ப்பால் கொடுக்கலாம். பல குழந்தைகள் அன்றே நேராக மார்பில் குடித்துவிடும். சில குழந்தைகளுக்குப் பாலாடைப் பழக்கம் போக ஓரிரு நாள் பிடிக்கும். முழு மயக்கம் கொடுத்திருந்தால் ஓர் இரவாவது மூச்சுக் கண்காணிப்பில் வைக்க வேண்டும். மயக்க மருந்துக்குப் பிறகு சிசுக்களுக்கு மூச்சு இடையிடையே நின்றுபோவதுண்டு. ‘நன்றாகத்தானே இருக்கிறது, இன்றே போகிறோம்’ என்று அவசரப்படுத்தாதீர்கள்.

எச்சில் ஒரு நாள் இளஞ்சிவப்பாக வரலாம். விழுங்கிய இரத்தத்தால் மலம் கறுப்பாகப் போகலாம். பிரகாசமான சிவப்பில் தொடர்ந்து கசிந்தால், சுத்தமான காஸ் துணியை விரலில் சுற்றி அந்த இடத்தில் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைவது கலைந்துவிடும். வெட்டிய இடத்தில் வெள்ளை, மஞ்சள் படலம் தெரிவது புண் ஆறும் படலம்தான், சீழ் அல்ல, துடைத்து எடுக்க வேண்டாம். இரண்டு வாரத்தில் ஈறு மூடிவிடும்.

வலிக்கு மருத்துவர் பாராசிட்டமால் எழுதியிருந்தால், பாட்டிலின்மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே அளவெடுங்கள். சொட்டு மருந்து பொதுவாக 1 மி.லி.க்கு 100 மி.கி., சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி., அதாவது 1 மி.லி.க்கு 25 மி.கி. 3 கிலோ குழந்தைக்கு ஒருவேளை 30 மி.கி. என்று எழுதியிருந்தால் சொட்டில் 0.3 மி.லி., சிரப்பில் 1.2 மி.லி. சிரப்புக்குச் சொன்ன 1.2 மி.லி.யைச் சொட்டு மருந்தில் அளந்தால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போகும், கல்லீரல் தாங்காது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியசைத் தொட்டால் வீட்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே காட்டுங்கள். ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் காய்ச்சலை யாரும் போனில் தீர்க்க முடியாது.

கர்ப்பத்திலேயே தெரிந்தால்

‘ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்றார்களே’ என்ற கோபம் வருவது இயல்பு. இந்தக் கட்டி பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் கண்ணில் படும் அளவுக்கு வளர்கிறது. 18, 20 வாரத்தில் பார்த்தவர் எதையும் தவறவிட்டார் என்று அர்த்தமில்லை. பெரிய கட்டி இருக்கும் குழந்தையால் பனிக்குட நீரைச் சரியாக விழுங்க முடியாது, அதனால் நீர் கூடிப் போகும். காரணம் தெரியாமல் பனிக்குட நீர் கூடினால், குழந்தையின் முகத்தையும் வாயையும் மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

கட்டி தெரிந்துவிட்டால், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தை அறுவை நிபுணரும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடத்தில் பிரசவம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை, சுகப்பிரசவத்தில் பிறந்த குழந்தைகள் நிறைய. தொண்டையை அடைக்கும் அளவு பெரிது என்று எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தால் மட்டும், தொப்புள்கொடி துண்டிக்கும் முன்பே குழந்தைக்கு மூச்சுக்குழாய் போடும் முறை உண்டு. அதற்கு மகப்பேறு, மயக்கவியல், காது மூக்கு தொண்டை, பச்சிளங்குழந்தை நிபுணர்கள் எல்லோரும் ஒரே அறையில் தயாராக நிற்க வேண்டும் என்பதால் தேதி முன்கூட்டியே குறிக்கப்படும்.

பல்

கட்டியை எடுத்திருந்தாலும் தானாகச் சுருங்கியிருந்தாலும், ஒரு வயதுக்குள் குழந்தைப் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியும் பயாப்சி ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பால்பற்கள் ஒழுங்காகவே முளைக்கின்றன, அரிதாக அந்த ஒரு பல் தாமதமாகவோ சொத்தையான எனாமலோடோ வரலாம். மேல் பக்கவாட்டு வெட்டுப்பல் 9 முதல் 13 மாதத்துக்குள்ளும், கோரைப்பல் 16 முதல் 22 மாதத்துக்குள்ளும் வரும். அதற்கு முன்பே ‘அந்த இடத்தில் மட்டும் பல்லைக் காணோம்’ என்று எக்ஸ்ரே எடுக்க ஓட வேண்டாம். எதிர்ப்பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் இந்தப் பக்கம் வராவிட்டால் அப்போது எடுத்துக்கொள்ளலாம்.